அவள் கேட்ட சத்தியம்

அந்த வருடம் கச்சான் என்கிற வறண்ட காற்று நேரத்தோடே அடிக்கத் தொடங்கிவிட்டது. வயல் வட்டைப் பக்கமிருந்து வந்த வெக்கையில் பிள்ளைகள் கொப்பிகளால் விசிறிக்கொண்டிருக்க, தரம் பத்தில் ஒருத்தி மட்டும் வெள்ளைச் சட்டைக்கு மேல் நீளக் கை சுவெட்டர் போட்டிருந்தாள். கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள். அடுத்த கிழமை கேட்டபோதும் காய்ச்சல் என்றாள்.

நான் காத்தான்குடிக்காரி, முஸ்லிம். மண்முனைப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்த அந்தத் தமிழ்ப் பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போய்க் கணிதம் படிப்பித்து வந்தேன். கணவர் கட்டாரில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாடசாலையில் என்னை ஒருவரும் குறைவாக நடத்தவில்லை. ஆசிரியர் அறையில் கோயில் சடங்குக் கதை நடக்கும்போது நான் உள்ளே போனால், எனக்கு விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்லிக் காட்டுவார்கள். அது அன்புதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான் வெளியாள் என்பது எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அந்தப் பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு கணக்கைச் செய்யச் சொன்னேன். எட்டி எழுதும்போது சுவெட்டர் கை கீழே இறங்கிற்று. பழையதும் புதியதுமாகக் காயங்கள் தெரிந்தன. தானே தனக்குச் செய்துகொண்டவை என்று பார்த்ததும் விளங்கியது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கணக்கைப் பார்ப்பதுபோல நின்று, "சரி, போய் இரி," என்றேன். வகுப்பு முடியும்வரை என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே தெரியாது.

மணி அடித்த பிறகு கொப்பிகளைத் தூக்க உதவிக்கு அவளை நூலக அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒருவரும் இல்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கதை வெளியே கேட்காத மூலையில் உட்கார்ந்தோம்.

"கை நோகுதா மகள்?"

அவள் சுவெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்க டீச்சர். மறுகா சொல்றன்."

அந்தச் சத்தியத்தைப் பண்ணிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என் வாழ்க்கையில் ஒரு பிள்ளை என்னிடம் ஒன்றைக் கேட்கிறது. ஆனால் வலயக் கல்வி அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர் சட்டத்தையும் சுற்றறிக்கைகளையும் பற்றி நிறையச் சொன்னார். எனக்கு நெஞ்சில் நின்றது இவ்வளவுதான்: பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் ஆசிரியர் அதைத் தனக்குள் வைத்திருக்கக் கூடாது, அதே நேரம், தெரிய வேண்டிய ஆட்களைத் தாண்டி ஒரு சொல்லும் போகக் கூடாது.

"அந்தச் சத்தியத்த என்னால பண்ணேலா," என்றேன். "நீ சுகமா இரிக்கிறதுக்கு ஆருக்குத் தெரிய வேணுமோ அவங்களுக்குச் சொல்லத்தான் வேணும். ஆருக்குச் சொல்றன், என்ன சொல்றன் எண்டு முதல்ல உனக்குச் சொல்லுவன். உனக்குத் தெரியாம ஒண்டும் செய்ய மாட்டன்."

"அப்ப ஒண்டும் இல்ல டீச்சர்," என்று எழும்பினாள். வாசல்வரை போனாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று தோன்றியது. அவளாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவள் சொன்ன காரணத்தை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறா, தகப்பன் இல்லை, பெரியம்மாதான் வளர்க்கிறா என்பது பாடசாலைக்கே தெரிந்த விஷயம். மற்றது அவளுடையது. முழுவதையும் கேட்டுவிட்டு, கேட்கவே நாக்குக் கூசிய கேள்வியை நேராகக் கேட்டேன்.

"செத்துப்போகணும் எண்டு நினைப்பு வருமா?"

"சில நேரம்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இண்டைக்கே அதிபருக்குச் சொல்லப்போறன். உன்ட பெரியம்மாக்கும் சொல்லணும். டாக்டர்ட்டப் போகணும் எண்டு சொல்லுவன். நீ எனக்குச் சொன்ன கதைய அவங்களுக்குச் சொல்ல மாட்டன்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "உங்கள நம்பினன் டீச்சர்," என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கப் பல மாதம் போயிற்று.

பாடசாலை அதிபர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் சொன்னதைக் கேட்டதும் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். "டீச்சர், இது வெளியில போனா ஸ்கூல்ட பேர் போயிரும். பெரியம்மாவக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவம். அவங்கட புள்ள, அவங்க பாக்கட்டும்."

"அவங்களுக்குச் சொல்லத்தான் வேணும் சேர். அதோட விடேலாது. பிரதேச செயலகத்தில இரிக்கிற சிறுவர் உத்தியோகத்தருக்கும் அறிவிக்கணும். நாளைக்கு என்னவும் நடந்தா, தெரிஞ்சும் சும்மா இருந்தது ஆர் எண்டு உங்களையும் என்னையும்தான் கேப்பாங்க."

"கேப்பாங்க எண்டு பயந்தா செய்றம்?" என்று கேட்டார்.

"இல்ல சேர். புள்ள நாளைக்கும் ஸ்கூலுக்கு வரணும் எண்டுதான்."

அவர் தொலைபேசியை எடுத்து, முதலில் சிறுவர் உத்தியோகத்தருக்கும் பிறகு பெரியம்மாவுக்கும் சொன்னார்.

பெரியம்மா அன்று பின்னேரமே வந்தா. வயலிலிருந்து நேரே வந்ததால் சேலைக் கரையெல்லாம் சேறு. அதிபர் சொல்லச் சொல்ல அவவின் முகம் கறுத்துக்கொண்டு போனது. கடைசியில் என் பக்கம் திரும்பினா.

"நான் அவளுக்கு என்ன குறை வச்சன்? உங்களுக்கு என்ன சொன்னவள்?"

"அத அவதான் உங்களுக்குச் சொல்லணும். நாளைக்கே டாக்டர்ட்டக் கூட்டிப்போவம். நானும் வாறன்."

"ரெண்டு வயசில இருந்து வளத்தவள் நான். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ? நீங்க ஆர்?"

அவ கேட்டதில் நியாயம் இருந்தது.

மறுநாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டா. பெரியம்மாவும் நானும் ஒரே வாங்கில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளையைச் சில நாள் வைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். நான் தனியே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகுதான் கதை கிளம்பிற்று.

ஆசிரியர் அறையில் நானும் தமிழ் படிப்பிக்கும் டீச்சரும்தான் எப்போதும் சேர்ந்து சாப்பிடுவோம். என் மீன் குழம்பில் அவவுக்கு ஆசை, அவவின் வாழைக்காய்ப் பொரியலில் எனக்கு ஆசை. அவ கேட்டா: "அந்தப் புள்ள ஏன் வாறல்ல? நீங்கதானே அதிபரோட நிண்டு கதைச்சது?"

"சுகமில்ல."

"என்ன சுகமில்ல?"

"எனக்குத் தெரியா."

எனக்குப் பொய் சொல்ல வராது. அவவுக்கு அது உடனே விளங்கியது. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டா. அடுத்த கிழமை அவ வேறு மேசையில் சாப்பிட்டா.

கணக்குப் பிழைத்ததற்காக நான் அந்தப் பிள்ளைக்கு அடித்தேன், பிள்ளை மயங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்பதுதான் ஊரில் ஓடிய கதை. "கரும்பலகைக்கிட்டக் கூப்பிட்டது நாங்க கண்டது," என்று பிள்ளைகளும் சொன்னார்களாம். காத்தான்குடி டீச்சருக்கு நம்மட பிள்ளைகளில் என்ன இரக்கம் இருக்கப்போகிறது என்று யாரோ அதில் கூட்டியும் விட்டார்கள். பாடசாலை வாசலில் என் ஸ்கூட்டியைக் கண்டதும் தாய்மார் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு வசனம் போதும், என்னைச் சுற்றி இருந்த எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அந்த ஒரு வசனத்தோடு அவள் இந்த ஊரில் காலத்துக்கும் வேறொருத்தியாகிப் போவாள். கலியாணம் பேசும்போதும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அதிபருக்கு உண்மை தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் இருந்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் மேல் கோபம் வந்தது.

வீட்டில் கணவர் வீடியோ கோலில் கேட்டார்: "என்ன புள்ள, முகம் வாடிக் கிடக்கு?"

"ஸ்கூல்ல ஒரு பிரச்சினை."

"சொல்லன். நான் கட்டார்ல இரிக்கன், ஆருக்குப் போய்ச் சொல்லப்போறன்?"

"சொல்ற விசயமில்ல."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குமா?" என்றார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. குசினியில் போய்ச் சும்மா நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சியின் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தாள். கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். மாதாமாதம் கிளினிக் போகிறாள் என்பது பாடசாலையில் அதிபருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கொப்பியைத் தரும்போதுகூட என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் கணக்குத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பினார். "புள்ளைகளுக்கு அடிக்கிற டீச்சர்மார என்ன செய்யப்போறீங்க சேர்?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லாவிட்டாலும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதிபர் தொண்டையைச் செருமினார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பின்வரிசையிலிருந்து பெரியம்மா எழும்பினா.

"அவ என்ட புள்ளைக்கு அடிக்கல்ல. புள்ளைக்குச் சுகமில்லாம இருந்தது, அவதான் எங்களோட ஆஸ்பத்திரிக்கு வந்தவ. மற்றது எங்கட வீட்டு விசயம். ஒருத்தரும் கதைக்கத் தேவையில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தா. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வராமலே போய்விட்டா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கழிவறைப் பக்கம் போய் முகம் கழுவினேன்.

சில நாள் கழித்து, வகுப்பு கலைந்த பிறகு அந்தப் பிள்ளை என் மேசைக்கு வந்தாள்.

"பெரியம்மாக்கு நானே சொல்லிட்டன் டீச்சர்."

"என்னத்த?"

"உங்களுக்குச் சொன்னத. முழுக்க. நீங்க அவவுக்கு ஒண்டுமே சொல்லல்ல எண்டு அப்பதான் எனக்குத் தெரிஞ்சது."

அவ்வளவுதான். ஒள்ளுப்பம் நேரம் நின்றுவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. தமிழ் டீச்சர் மறுபடி என் மேசைக்கு வந்து சாப்பிடத் தொடங்கினா. பொரியலும் தந்தா. ஆனால் பழைய கதைகள் வரவில்லை. இருவரும் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தோம்.

அடுத்த வருடம், சாதாரண தரப் பரீட்சைக்கு முன், அவளின் தாய் குவைத்திலிருந்து லீவில் வந்து பாடசாலைக்கு வந்தா. வெயிலில் வந்து வேர்த்த முகம், கையில் எனக்கென்று ஒரு சொக்லேட் பெட்டி. வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் நூலக அறையில் உட்காரவைத்தேன்.

"அக்கா ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொன்னவ டீச்சர், மற்றத உன்ட மகளிட்டக் கேள் எண்டுட்டா. ஒண்டு மட்டும் கேக்கன். என்ட புள்ள என்னப் பத்தி உங்களுக்கு என்ன சொன்னவள்?"

பெற்ற தாய் கேட்கிறா. கேட்க அவவுக்கில்லாத உரிமை வேறு யாருக்கு? இருந்தாலும் பிள்ளை இப்போது பாதுகாப்பாக இருந்தாள். சொல்ல வேண்டியதை நான் முன்பே சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"அவவிட்டக் கேளுங்க தங்கச்சி. இப்ப கேட்டாச் சொல்லுவா."

"கேக்கப் பயமா இரிக்கு," என்றா அவ.

நான் அவவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குவைத்தில் அவ இருந்த வீட்டில் கதைக்க ஆள் இல்லாமல் தையல் மெஷினோடு கதைப்பா என்று பிறகு அவவாகவே சொன்னா. நான் என் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மணி அடித்தது. அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனா. பிள்ளை தாயைக் கண்டதும் கொஞ்சம் தயங்கி, பிறகு தன் குடையை விரித்து அவவின் தலைக்கு மேல் பிடித்தாள். இருவரும் வயல் ரோட்டால் நடந்தார்கள். தாய் ஏதோ கேட்பதும் பிள்ளை நடப்பதை நிறுத்துவதும் தூரத்தில் தெரிந்தது. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், காலையில் ஆக்கி வைத்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.