செய்தி எட்டாத விடுதி

அந்த விடுதியைப் பற்றி என் மனைவியின் தமையன் முதலில் சொன்னது, அங்கே செல்போன் எடுபடாது என்பதைத்தான். மலை, வெந்நீர் ஊற்று, சாப்பாடு எல்லாம் பிறகுதான் வந்தன. ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் வீடு விற்கும் தொழில் செய்தவர் அவர். நன்றாக விற்றவர்களுக்கு அவருடைய நிறுவனம் கொடுத்த பரிசு, ஜப்பானின் ஒரு மலைக்கிராமத்து விடுதியில் இருவர் தங்கிவரும் பயணம். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்கு நெருங்கிவிட்டதால் தன்னால் போக முடியாது என்றார்.

"மச்சான், நீங்கள் இவளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ. போனைக் கையில வைச்சுக்கொண்டு விசர் பிடிச்சமாதிரி இருக்கிறாள். அங்க போனும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆறுதலா நித்திரை கொள்ளட்டும்."

"தம்பி எடுத்தானெண்டால்?" என்று மனைவி கேட்டாள்.

"அவனிட்ட என்ர நம்பரும் இருக்குத்தானே. எடுத்தால் ஹொட்டேலுக்கு அடிச்சு உனக்குச் சொல்லமாட்டனே?"

இலங்கையில் போர் முடிந்துகொண்டிருந்த வசந்தம் அது. மனைவியின் ஒரே தம்பி கடலோரமாகக் குறுகிப்போயிருந்த அந்த நிலத்துண்டுக்குள் இருந்தான். கடைசியாக யாரோ ஒருவரின் போனில் இருந்து எடுத்து, "அக்கா, நாங்கள் வெளிக்கிடப் போறம்" என்றான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ரொறன்ரோவின் நடுத்தெருக்களில் எங்கள் சனங்கள் போரை நிறுத்தச் சொல்லி நாள் முழுவதும் நின்றார்கள். நான் அவர்களைப் பற்றித் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடி வீட்டின் குசினியில், வேலையால் வந்த உடுப்போடு அவள் போனுக்கு முன்னால் இருப்பாள். அவள் பயணத்துக்குச் சம்மதித்ததே தமையனின் அந்த வாக்கை நம்பித்தான். விமான நிலையத்துக்கு அவரே எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டார். பெட்டியையும் அவரே தூக்கினார்.

விடுதி பஸ் ஓட்டத்தின் கடைசித் தரிப்பிடத்தில், ஓர் ஆற்றின் விளிம்பில் இருந்தது. பழைய மரக்கட்டடம். வாசலிலேயே கூழ்முட்டை வாடை அடித்தது. ஊற்றுத் தண்ணீரில் உள்ள கந்தகம் என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். காரணம் தெரிந்ததால் வாடை குறையவில்லை. அறையில் வைக்கோல் பாய்கள், ஈரம் பட்டுக் காய்ந்த மணத்தோடு. எல்லோருக்கும் ஒரே நீலக் கோலம் போட்ட பருத்தி அங்கி தந்தார்கள். அதை உடுத்துக்கொண்டு நடைபாதையில் போனவர்கள் ஒரே வார்ட்டில் இருக்கும் நோயாளிகள் போலத் தெரிந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

நடைபாதைக்கு ஒரு செருப்பு. பாயில் செருப்பே கூடாது. கழிப்பறைக்குள் மட்டும் போட வேறொரு செருப்பு. மனைவிக்கு அது பிடித்துப்போயிற்று.

"உவையளும் எங்களை மாதிரித்தான்," என்றாள். "துடக்கெல்லாத்தையும் செருப்பில வைச்சிருக்கினம்."

துடக்கு என்பது பிறப்பு, சாவு, பூப்பு நேர்ந்த வீட்டுக்கு எங்கள் ஆட்கள் கணக்கிடும் தீட்டு. அது கழியும்வரை அந்தக் குடும்பத்தார் எந்த நல்ல காரியத்திலும் கைவைக்க முடியாது.

குளியல் பொதுக் குளியல். ஆண்கள் பக்கத்தில், கல்லால் கட்டிய தொட்டிக்குள் கிழவர்கள் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். முதலில் வெளியே முக்காலியில் இருந்து உடம்பைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனாலும் தண்ணீரின் மேலே ஒரு நரைமயிர் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரின் குதிக்காலில் வெள்ளைத் தோல் ஊறி உரிந்து நின்றது. கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றி வளர்ந்தவன் நான். ஊற்றிய தண்ணீர் வாழைக்குப் போய்விடும், திரும்பி வராது. இங்கே எல்லோருடைய தண்ணீரும் என் வாய்மட்டம் வரை நின்றது. எழுந்து ஏறிவிட்டேன்.

மனைவி பெண்கள் பக்கத்தில் தொட்டிக்குள் இறங்கவேயில்லை. மரவாளியால் அள்ளி மேல் கழுவிவிட்டு வந்தாள். தலை நனையவில்லை. சில கிழமைகளாகவே அவள் தலையில் தண்ணீர் வார்க்கவில்லை. பயணம் வெளிக்கிட்டவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டில் உள்ளவர்கள் தலை தோய்வதில்லை. தலை முழுகுவது சாவுச் செய்தி கேட்டவுடன் செய்கிற காரியம்.

"தம்பி வெளிய வந்திட்டான் எண்டு கேட்டாப்பிறகு தோயிறன்," என்றாள். கொண்டையில் பழைய எண்ணெய் மணத்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆற்றுக் கெண்டையைக் கொண்டுவந்தார்கள். சதையைச் சீவி, கழுவி, முள்ளின் மேலேயே திரும்ப அடுக்கியிருந்தார்கள். தலை அப்படியே இருந்தது. வாய் திறந்து மூடியது. விடுதி நடத்தும் பெண் முழந்தாளில் இருந்து, அது எவ்வளவு புதிய மீன் என்பதைக் கைகளால் விளக்கினாள். மனைவி தன் துவாயை எடுத்து மீனின் முகத்தை மூடினாள். நான் சோற்றையும் ஊறுகாயையும் சாப்பிட்டேன்.

ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது பொது அறைத் தொலைக்காட்சியில் எங்கள் தீவின் வரைபடம் வந்தது. பிறகு ஒரு கடல்நீரேரி. இடுப்பளவு தண்ணீரில் சனங்கள். கையைத் தூக்கியபடி வரும் சிலர். மணலில் எரிந்த வாகனங்கள். சொல்லப்பட்டதில் நாட்டின் பெயரைத் தவிர எதுவும் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியும் இருக்கவில்லை. எனக்கு எதிரே ஒருவர் புளித்த சோயா அவரையைக் குச்சிகளால் கிளறிக்கொண்டிருந்தார். அது சளி போல நூல் நூலாக இழுபட்டது. நூலை அறுக்காமலே அவர் திரையைப் பார்த்தார். அடுத்ததாக வானிலை வந்தது. அதை எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள்.

மனைவி எழுந்து நின்றாள். விடுதிப் பெண் ஓடிவந்து, சாப்பாடு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வரவேற்பு மேசையில் இருந்த போனில் ரொறன்ரோவுக்கு எடுத்தோம். பக்கத்தில் நின்ற எனக்கும் தமையனின் குரல் கேட்டது.

"அண்ணை, முடிஞ்சுதாமே. தம்பி எடுத்தவனோ?"

"அங்க ரிவி இருக்கோ?" என்று கேட்டார். பிறகு, "இல்லைப் பிள்ளை. முகாமில போன் இராது. வருவான். நீ வடிவாச் சாப்பிடு," என்றார்.

அன்று பகல் முழுவதும் அவள் கதைத்தாள். சண்டை முடிந்தால் செத்துக்கொண்டிருப்பதும் முடிந்தது என்பது அவள் கணக்கு. தம்பி முகாமில் இருப்பான், ஸ்பொன்சர் பண்ண வேண்டும், வந்தால் எங்கள் ஹோலில் படுக்கலாம், குளிர் உடுப்பு வாங்க வேண்டும். இரவு மீனைச் சாப்பிட்டாள். குளியலில் தொட்டிக்குள்ளும் இறங்கியிருந்தாள்.

"கழுத்துமட்டும் இருந்தனான்," என்றாள். "நல்லாக் கிடந்தது."

நாங்கள் திரும்பியபோது தமையன் விமான நிலையத்தில் நின்றார். சடங்கு அலுவல் இருக்கிறது என்று நேரே மில்லிக்கனுக்குக் கொண்டுபோனார். வீட்டு வாசலில், சடங்குக்குப் பேசியிருந்த வீடியோக்காரர் தன் வானில் இருந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் அவற்றைக் கீழே வைத்தார்.

"அக்கா, தம்பியின்ர விசயம் சரியான கவலை. எங்கட மனிசியின்ர ஆக்கள்தான் முகாமில இருந்து எடுத்துச் சொன்னவை. ஷெல் விழுந்து அவன் செத்துப்போகேக்க அவையளும் பக்கத்திலதானாம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தமையனைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் சொல்லேல்லையோ? இவை ஜப்பானுக்குப் போக முதலே நான் உங்களிட்டச் சொன்னனானே."

"உள்ள வா பிள்ளை," என்றார் தமையன். "ஆக்கள் பாக்கினம்."

"போனில கேட்டனே அண்ணை."

"சொன்னால் உனக்குத் துடக்கெல்லே. பிள்ளைக்கு மாமி எண்டு என்ர தங்கச்சி நீ ஒராள்தான். நீதானே சடங்கில தண்ணி வார்க்க வேணும். ஐயரிட்டக் கேட்டனான். காதில விழுமட்டும் துடக்கில்லையாம்."

"உங்கட காதில விழுந்ததுதானே."

"நான் ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ளேல்லை," என்றார். "தோயக்கூட இல்லை."

அதைத் தன் பக்க நியாயமாகத்தான் சொன்னார். புதுச் சேட் போட்டிருந்தார். வாசனைத் தைலம் பூசியிருந்தார். அந்த மலையில் எதுவும் எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருக்கவில்லை.

"இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை," என்று குரலைத் தாழ்த்தினார். "வீடியோத் தம்பி ஒண்டும் சொல்லேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஞாயிற்றுக்கிழமை சடங்கு முடியிறவரைக்கும்தான்."

மனைவி அவரைக் கடந்து உள்ளே போனாள். ஹோலில் அவருடைய மனைவியும் வந்திருந்த பெண்களும் கார்ப்பெட்டில் பட்டுச்சேலைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வந்திட்டியளோ மச்சாள், ஜப்பான் எப்பிடி?" என்று யாரோ கேட்டார்கள். அவள் மேல்மாடிக்கு ஏறினாள். குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கீழே எல்லோருக்கும் கேட்டது.

பயண உடுப்போடு, கொண்டையை அவிழ்த்து, சொட்டச் சொட்ட இறங்கி வந்தாள். உடுத்த உடுப்போடு தலை நனைந்து வரும் பெண்ணைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. தமையனின் மனைவி மட்டும் குனிந்து சேலைகளை அவசரமாகச் சுருட்டினாள்.

"தண்ணி பட்டால் பட்டு பழுதாப்போயிரும்," என்றாள், யாருக்கென்றில்லாமல்.

மனைவி தமையனுக்கு முன்னால் போய் நின்றாள். கார்ப்பெட்டில் அவளைச் சுற்றி ஈரம் பரவியது.

"அண்ணை, மேல தண்ணி நல்ல சூடா வருது. நீங்களும் போய்த் தோயுங்கோ."

அவர் வந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் வாசலில் தங்கள் செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.