வேறு வைத்த அடுப்பு

எனக்கு முன்கோபம் அதிகம். பெண் பார்க்க வந்தபோதே என்னைப் பெற்ற அப்பச்சி அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார். "கோவம் வரும், ஆனா அரைமணி நேரத்துல இறங்கிரும்" என்றார். மாமியார் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, நாங்கதான் வேற வச்சிருவோமே" என்றாராம்.

வேறு வைப்பது எங்கள் வழக்கம். மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதம் போனதும், நல்ல நாள் பார்த்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்புப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரே வாசல், ஒரே கூரை, சோறு மட்டும் வேறு. அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பின்கட்டில் கிழக்கு ஓரமாக அடுப்புப் போட்டார்கள். மாமியாரை நான் அயித்தை என்றுதான் கூப்பிடுவேன். அவரே தன் கையால் அதில் பால் காய்ச்சி இறக்கினார். "இனிமே உன் பக்குவம் உன்னோட. நான் குத்தஞ் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. கிட்ட இருந்தா முட்டப் பகை" என்றார். சொன்னபடியே நடந்தார். பத்து வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. எதிர் அடுப்பில் என்ன குழம்பு என்று மோப்பம் பிடித்ததோடு சரி.

எழுபதுகள் பிறந்தபோது மாமனார், மாமியார் இருவருக்குமே தள்ளாமை வந்துவிட்டது. மாமாவுக்குக் கால் நடுக்கம், அயித்தைக்குக் கண்ணில் புரை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வரவே மறுத்துவிட்டார். கேட்டால், "நல்லாத்தான் தெரியுது" என்பார். என் வீட்டுக்காரருக்குத் திருப்பத்தூரில் இரும்புக்கடை. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "இனிமே நாமதான் பாக்கணும். இப்பவே எல்லாத்தையும் தயார் பண்ணி வையி" என்றார்.

பண்ணினேன். என் அடுப்படியை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். தச்சரைக் கூப்பிட்டு, ஏறி இறங்க லேசாக இருக்கட்டும் என்று கட்டில் காலை அரை முழம் அறுக்கச் சொன்னேன். கொல்லைக்குப் போகும் வழி நெடுகச் சுவரில் ஆணி அடித்துப் பிடித்து நடக்கக் கயிறு கட்டினேன். அந்தக் கயிற்றில் அயித்தை ஈரச் சேலையைக் காயப்போட்டார். காரைக்குடியில் ரப்பர் ஷீட், எனாமல் பேசின் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. ஆள்தான் வரவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே ஆக்கிர்றேன் அயித்தை. இங்குட்டு வந்துருங்க."

"எத்தனை நாளைக்கு? விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். உன் அடுப்புல நான் விருந்தாளி. போய் உன் சோலியைப் பாரு."

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. அதைவிடப் பயம். அவர் முந்தானையில் தீப்பொறி பட்டு மிளகு மிளகாக ஓட்டைகள். விறகு எரிகிறதா என்று கையை நீட்டிச் சூட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். நான் குளிக்கப் போயிருக்கிற நேரம் பார்த்துச் சேலை பற்றிக்கொண்டால்?

மாமா வேறு மெலிந்துகொண்டே போனார். முன்பெல்லாம் மூன்று தடவை சோறு வாங்குகிற மனிதர், ஒரு தடவையோடு "போதும்" என்று இலையை மூடிவிடுவார். உள்ளுக்குள் ஏதோ நோய் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் மோர் கொடுக்கப் போனேன். நறுக்கென்று ஒரு சத்தம். மாமா மெல்லுவதை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு கல்லை எடுத்து, வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். நான் பார்த்துவிட்டதைக் கவனித்தார். கை கழுவ வெளியே வந்தபோது மடியை உதறிக் காட்டினார். ஐந்து கல். அவருக்கு இருந்த பல்லே அவ்வளவுதான்.

"அவகிட்டச் சொல்லிறாத ஆத்தா. மனசு விட்டுப் போயிரும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். அந்த வாரமே ஒரு நாள் காலை, அயித்தை குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். முந்தானை நழுவித் தீப்பக்கம் தொங்கியது. பிடித்து இழுத்திருந்தால் போதும். எனக்கு நிதானம் ஏது? பக்கத்திலிருந்த தண்ணீர்த் தவலையை எடுத்து அடுப்பில் அப்படியே கவிழ்த்துவிட்டேன். எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கம் ஆகவே ஆகாது. அதுவும் மூத்தவர் அடுப்பில். புகைக்கு நடுவில் அயித்தை முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"என் அடுப்பை அணைச்சுட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். அதன்பிறகு எட்டு நாள் பேச்சில்லை. சாம்பலை வழித்துப் போட்டு, தடவித் தடவி, அவரே மறுபடி பற்றவைத்துக்கொண்டார். என் கோபம் அரைமணியில் இறங்கிவிட்டது, அவமானம் இறங்கவில்லை. வெள்ளையடித்த அறையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் செய்த ஏற்பாடெல்லாம் அவர் எழுந்து என் பக்கம் வருவதற்குத்தான். நான் பத்தடி நகர்ந்தால் என்ன என்று தோன்றவே எனக்கு எட்டு நாளாயிற்று.

ஒன்பதாம் நாள் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பழைய சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, எங்கள் அரிசியைச் சட்டியில் எடுத்துக்கொண்டு அயித்தை அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"அயித்தை, எங்களை உங்க அடுப்புல சேத்துக்கங்க."

"உன்னைத்தான் வேற வச்சாச்சே."

"நீங்கதான வச்சீக. நீங்களே சேத்துக்கங்க. எனக்குத் தனியா ஆக்கி ஆக்கி அலுத்துப்போச்சு."

அவர் பக்கத்தில் தடவி, அரிசி புடைக்கும் சுளகை எடுத்து என் பக்கம் நீட்டினார். "அப்ப அங்குட்டு உக்காந்து ரெண்டு அரிசியவும் பொறுக்கு. எனக்கு வேற வேலை இருக்கு" என்றார். வேறு வேலை எதுவும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உலைக்கு எவ்வளவு தண்ணீர், குழம்புக்கு எவ்வளவு புளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

மத்தியானம் மாமா வந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன். அவர் பழக்கத்தில் மெதுவாக, பயந்து பயந்து மென்றார். பாதி இலை காலியானது. அயித்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கி ஒரு கல்லுகூடக் கடிபடலையே" என்றார்.

மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணுதான போச்சு, காதுமா போச்சு?"

"அப்பறம் ஏன் அயித்தை, நான் கூப்புட்டப்ப வரல?"

"வேற வச்சவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் அடுப்புக்கு வாரது?" என்றவர், மாமா இருந்த பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

மாமா என்னைப் பார்த்து, "ஆத்தா, இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்றார்.