எஸ். பீவி என்று இரண்டு பேர்

டாக்டர் ஷரீபா பீவியைப் பற்றி எங்கள் மருத்துவக் கல்லூரியில் போன ஆண்டு என்னவெல்லாமோ பேசினார்கள். நூலகத்தில் இருபது வருடமாகக் குப்பை கொட்டும் இசக்கிமுருகனாகிய நான் அதையெல்லாம் கேட்டு வயிறெரிந்தவன். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஊர் பேட்டை. களக்காட்டு வாழைத் தோட்டங்களில் பாம்பு கடித்தவர்களைத் தேடி ஆறு வருடம் பஸ்ஸில் அலைந்தார். கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டியதால் காலை இழந்தவர்கள் எத்தனை பேர், கட்டாமல், அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துக் கட்டுரை எழுதினார். அது ஒரு சின்ன மருத்துவ இதழில் வந்தது. இம்பாக்ட் ஃபேக்டர் என்று இதழ்களுக்கு ஒரு மார்க் உண்டு. அதில் வரும் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்துப் போடுவது. அந்த இதழுக்கு அது ஒன்றைக்கூடத் தொடவில்லை. பேராசிரியர் பதவிக்கு அங்கேயே மார்க் போயிற்று. இருந்தாலும் தன் கட்டுரைக்குப் பதினெட்டு மேற்கோள் வந்திருக்கிறது, அது கைகொடுக்கும் என்று நம்பியிருந்தார்.

தேர்வுக் குழு ஒரு மென்பொருளை ஓட்டிப் பார்த்தது. பதினெட்டில் பதிமூன்று சுயமேற்கோள் என்றது அது. அதாவது தன் கட்டுரையைத் தானே காட்டி, தன் மதிப்பைத் தானே ஏற்றிக்கொண்டாராம். பதவி உயர்வு நின்றது. அதோடு விட்டார்களா? பத்து நாளில் விளக்கம் தராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று கடிதமும் கொடுத்தார்கள். கேன்டீனில், "தனக்குத் தானே மாலை போட்டுக்கிட்டாவ வே" என்று சிரித்தார்கள்.

கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, என் கட்டுரையை நான் காட்டுனது நாலே தடவை. அடுத்து செஞ்ச வேலைக்கு அதுதான் அடிப்படை, காட்டாம எப்படி எழுதுவேன்? மத்தது எங்கன இருந்து வந்துச்சுன்னே தெரியல."

"உக்காருங்கம்மா, பைய பாப்போம்" என்றேன்.

பதிமூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலுதான் இவருடையது. மீதி ஒன்பதை எழுதியவரும் 'பீவி, எஸ்.'தான். ஆனால் ஊர் காயல்பட்டினம், முழுப்பெயர் சித்தி ஜனாபா பீவி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று பிடித்துக்கொண்டு, முன்னால் இருப்பதை ஒற்றை எழுத்தாக வெட்டிவிடுகிறது அந்த மென்பொருள். பீவி என்பது மரியாதைக்குச் சேர்ப்பது, தெருவுக்குப் பத்துப் பீவி இருப்பார்கள் என்று அதற்கு யார் சொல்வது? சரி, அது மெஷின். குழுவில் உள்ள ஐந்து பேரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தானே, அவர்களுக்குமா தெரியாது?

எழுதிக் கொடுத்தோம். இருவரும் வேறு வேறு ஆள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஷரீபா அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. தயங்கித் தயங்கி போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும், "நானே வாறேன்" என்றார் சித்தி ஜனாபா.

விசாரணை நாளன்று திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருவரும் குழுவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சான்றிதழ்களை எடுத்துக் கொடுக்க நானும் நின்றேன். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்கள்ல ஷரீபா பீவி யாரு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு எழுதுனது நீங்கதானே சார்" என்றார் சித்தி ஜனாபா. "யாரைக் கேட்டா என்ன?"

அன்றைக்கே கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதம் பதவி உயர்வும் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று வெளியே வந்ததும் ஷரீபா அவரை அக்கா முறை வைத்துக் கேட்டார். "ஒன்பது தடவை என் கட்டுரையைக் காட்டியிருக்கியளே லாத்தா, ஏன்?"

"எங்க ஆஸ்பத்திரிக்கு வருசத்துக்கு நாப்பது அம்பது பேர் கடிபட்டு வாராங்க. உங்க கட்டுரையைப் படிச்ச பிறகுதான், கயிறு கட்டாதீங்கன்னு ஊரு ஊராப் போய்ச் சொன்னோம். நாலு வருசமா யாருக்கும் காலை எடுக்கல. அதைத்தாம்மா எழுதிக்கிட்டே இருக்கேன்."

கடிதம் வந்த நாளில்கூட அழாத டாக்டரம்மா, அந்த வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.