எங்கள் வீட்டு டிவியில் கெட்ட வார்த்தை

ஊரில் இருக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே மஸ்கட்டில் என் அறை டிவியில், படத்து வில்லனுக்குக் கோபம் வந்தால் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. கெட்ட வார்த்தையை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். வந்த புதிதில் டிவி பழுது என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். டிங்கரிங் வேலைக்கு வந்து இறங்கியவன். இன்று சொந்த ஒர்க்‌ஷாப். படித்த பிள்ளைகள் என்னிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். திருத்தணியில் மலை தெரிகிற மாதிரி மாடி வீடு கட்டினேன். அரக்கோணத்துக்குப் போய்க் கடையிலேயே பெரிய டிவியாக எடுத்து மாட்டினேன். எங்கள் தெருவில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

அந்த டிவியில்தான் இப்போது அசிங்கம் ஓடுகிறது. ஏதோ வெப் சீரிஸாம். வாயைத் திறந்தால் அடுத்தவன் அம்மாவை இழுக்கிறான். தியேட்டர் படத்துக்குக் கத்தரி வைக்கிற சர்க்கார், வீட்டுக் கூடத்துக்குள் வருவதை ஏன் விட்டது என்று புரியவில்லை. சாயங்காலம் போன் போட்டால் என் மனைவி எஸ்தரின் குரலுக்கு முன்னால் இதுதான் வருகிறது. ஒருநாள் பக்கத்தில் இருந்த, தமிழ் தெரியாத என் ஓமானி பார்ட்னர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பிள்ளைகள் எல்லாம் வீட்டில்தானா, மாஷா அல்லாஹ் என்றார். வெட்கத்தில் "ஐவா" என்று தலையாட்டிவிட்டேன்.

எஸ்தர் அப்படிப்பட்டவள் இல்லை. லாரிப் பட்டறையில் இருந்த காலத்தில், வாசலில் நின்று ஒருவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்று தட்டோடு நின்றாள். கொப்பளித்தேன். எங்கள் ஒரே மகனை அப்படித்தான் வளர்த்தாள். அவனும் வேலை என்று ஐதராபாத் போய்விட்டான்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இன்னா எஸ்தரு, ஜெபம் பண்ற வூட்ல இன்னா இது? நிறுத்து அத்த."

"நான் எங்க பாக்கறேன்? உள்ள வேல செஞ்சிகினு கீறேன்."

"அப்பறம் எதுக்கு ஓடுது?"

"சீரியல போட்டா பொம்பளைங்களா அழுதுகினு கீறாங்க. இதுலதான் ஆம்பள கொரல் கேக்குது. நீயும் இல்ல, அவனும் இல்ல. திட்றதுக்காவது வூட்ல ஒருத்தன் இருக்கட்டுமே."

சொல்லிவிட்டு, நான் சொன்னதற்காக டிவியை நிறுத்தினாள். ஃபேன் சத்தம் கேட்டது. அவள் இருமினாள். நான் பார்த்துப் பார்த்துக் கட்டின பெரிய கூடம் அந்த இருமலைத் திருப்பிச் சொன்னது.

"போட்டுக்கோ" என்றேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் குபூஸ் ரொட்டியைப் பிய்க்கிறேன். திருத்தணியில் எவனோ எவனையோ திட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மூச்சு வாங்குகிற நேரத்தில், எஸ்தர் சோறு பிசைகிற வளையல் சத்தம் கேட்கும். ஒரு வாய் வைப்பேன். அதற்குள் அவன் மறுபடி ஆரம்பித்துவிடுவான்.