செல்வராஜின் தோளும் மூன்று நாள் கையெழுத்தும்

கூட்டத்தில் மேசையைத் தட்டியவள் நான்தான். "டூல்பாக்ஸ் மீட்டிங் ரிஜிஸ்டரைக் கொண்டு வாங்க, மிஸ்டர் சந்திரன். அன்னிக்கு இவரு வேலையில இருந்தாரா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சிடும்." தினமும் காலையில் பாதுகாப்பு விஷயங்களைச் சொல்லி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கும் ரிஜிஸ்டர் அது. அதை அதற்கு முன் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருபது வருடம் தொழிற்சங்கத்தில் குப்பை கொட்டியவள் செய்கிற காரியமா?

விஷயம் இதுதான். செல்வராஜ் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டர், புதுக்கோட்டையிலிருந்து கடல் கடந்து வேலைக்கு வந்தவர். ஒரு திங்கட்கிழமை கப்பலின் டாங்குக்குள் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து வலது தோளில் அடி. சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மூன்று நாள் தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியிலேயே படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கையைத் தூக்கவே முடியவில்லை. அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனார். தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். வேலையில் பட்ட காயம் என்று ஒப்புக்கொண்டால் சிகிச்சை கிடைக்கும். இல்லையென்றால் அந்தத் தோளோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். வலது கையைத் தூக்க முடியாத வெல்டரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

எங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் மல்லுக்கட்டி வாங்கிய ஷரத்து ஒன்று உண்டு. காயத்துக்கான கிளைமை எதிர்ப்பதற்கு முன் கம்பெனி எங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில்தான் நான் மேசையைத் தட்டினேன்.

ரிஜிஸ்டர் வந்தது. திங்கட்கிழமை செல்வராஜின் கையெழுத்து இருந்தது. செவ்வாய், புதன், வியாழனிலும் இருந்தது. மனிதவள மேலாளர் சந்திரன் அதை மெல்ல என் பக்கம் திருப்பினார். "அடிபட்ட ஆளு அடுத்த மூணு நாளும் வேலைக்கு வந்திருக்காரு லா. டார்ம்ல கிரிக்கெட் ஆடி விழுந்திருப்பாரு. நீங்க கேட்ட ரிஜிஸ்டர்தான் மேடம்."

எனக்கு முகம் எரிந்தது. செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்மிட்டரி யார்டுக்கு உள்ளேயே இருந்ததால் கேட் பதிவு என்று காட்டவும் எதுவும் இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் ஒரு டீக்கடைக்கு அவரை வரச் சொன்னேன். கூடவே பாண்டியும் வந்தான். இருவருக்கும் ஒரே அறை, வேலையிலும் ஒரே கேங். செல்வராஜ் இடது கையால் டீயை எடுத்தார். மூன்று நாளும் படுத்தே கிடந்த ஆள் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். நான்தான் போட்டேன் என்று முனகினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னிடமே பொய் சொன்னால் நான் யாருக்காகப் பேசுவது என்று நன்றாகத் திட்டினேன்.

பாண்டி டீயைக் கீழே வைத்தான். "நான்தான் போட்டேங்க்கா. அண்ணனுக்கு ஆப்சென்ட் விழுந்துடக் கூடாதுன்னு. எங்க கேங்ல ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டுக்கிறதுதான்."

அவனை ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. உதவி என்று நினைத்து நண்பனைக் குழியில் தள்ளியிருக்கிறான். செல்வராஜோ அதற்கும் மேலே போனார். "இதை வெளிய சொன்னா அவன் வேலை போயிடும் மேடம். என் கை போனா போகுது, விட்டுடுங்க."

விட்டுவிடவா இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்? ஆனாலும் பாண்டியை நான் வற்புறுத்தவில்லை. நீ சொல்லாவிட்டால் இவருக்கு ஆபரேஷன் இல்லை, சொன்னால் உனக்குச் சிக்கல் வரலாம், உனக்காகப் போராடுவேன், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நீங்க கூட இருப்பீங்களாக்கா?" இருப்பேன் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் பாண்டி நடந்ததைச் சொன்னான். ஒரு தாள் கேட்டு வாங்கி, செல்வராஜின் கையெழுத்தை அப்படியே போட்டும் காட்டினான். கள்ளக் கையெழுத்துக்கு வேலை நீக்கம்தான் என்றார் சந்திரன். இந்த முறை நான் மேசையைத் தட்டவில்லை. முந்தைய நாளே ரிஜிஸ்டரின் நகலை வாங்கி, வரி வரியாகப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"ஒரே கையில எத்தனை பேரோட கையெழுத்து இருக்குன்னு நீங்களே பாருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ உங்க சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டிருக்காரு. பாண்டியை அனுப்பினா, இவங்க எல்லாரையும் அனுப்பணும். செய்வீங்களா?"

சந்திரன் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமை அலுவலகத்தில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். இரண்டு நாளில் கம்பெனி, கிளைமை எதிர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. பாண்டிக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. செல்வராஜுக்கு ஆபரேஷன் நடந்தது. கை தோள் மட்டத்துக்குத்தான் உயரும். இப்போது அதே யார்டில் டூல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சில் புதிய ஷரத்து ஒன்றைக் கேட்டோம். காயம்பட்ட சக தொழிலாளிக்காகச் சாட்சி சொல்பவரை, அவர் சொன்னதை வைத்தே வேலையிலிருந்து நீக்கக் கூடாது. மூன்று கூட்டங்களில் கம்பெனி முடியாது என்றது. நான் அசைந்து கொடுக்கவில்லை. நான்காவதில் கையெழுத்தாயிற்று.

சங்கத்தில் புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு நான் சொல்வது, எந்தத் தாளையும் கேட்பதற்கு முன் நீங்கள் படித்திருக்க வேண்டும் என்பதைத்தான். கூடவே இன்னொன்றும் சொல்வேன். அந்த ஷரத்தை நாம் வாங்கித் தந்தோம் என்று மார்தட்டாதீர்கள். பாண்டி வாயைத் திறந்த அன்று அப்படி ஒரு ஷரத்தே இல்லை.