கற்பகவல்லி எழுதிய தேதி

“பங்குனிப் பொங்கலுக்கு முந்தித் தலைக்கு ஊத்துனியா, பிந்தியா? பொருட்காட்சிக்குப் போனேல்ல, அன்னைக்கு எப்படி இருந்த?”

கற்பகவல்லி எந்தப் பெண்ணிடமும் கடைசியாகத் தூரம் வந்த தேதியை நேராகக் கேட்கமாட்டார். திருவிழா, சம்பள நாள், கம்பெனி லீவு என்று குறுக்கு விசாரணை செய்து, விரல் கணுக்களில் எண்ணி, கர்ப்பிணி அட்டையில் எழுதுவார். நாற்பது வாரக் கணக்கும் அங்கிருந்துதான் ஓடும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான்கு ஊர்களுக்கு அவர்தான் கிராம செவிலியர். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் நான் பெரும்பாலும் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருப்பேன். காபி கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். உட்கார்ந்தால் ஊர்க்கதை பிடித்துக்கொள்ளுமாம். இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் போலீஸ்காரரே அவரிடம் பாடம் படிக்கலாம்.

இசைவாணி விஷயத்தில்தான் சறுக்கினார். அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் கர்ப்பிணிகளை ஏழு மாதம் முடிந்தால் நிறுத்திவிடுவார்கள். அட்டையையும் வாங்கிப் பார்ப்பார்கள். “தீவாளி போனஸ் வரைக்கும் ஓட்டிக்கிடுதேன்க்கா. தேதிய மூணே மூணு வாரம் தள்ளிப் போடுங்க” என்று கெஞ்சினாள். “சரி தாயி, யாருகிட்டயும் மூச்சு விடாத” என்று இவரும் தள்ளிப் போட்டார். முதல் ஸ்கேனுக்கு அவளுக்கு லீவு கிடைக்காததால் பொய் வெளியே வரவில்லை.

தை பிறந்தும் வலி வரவில்லை. அட்டைப்படி முப்பத்தொன்பது வாரம், உண்மையில் நாற்பத்திரண்டு. “இன்னும் நாள் இருக்கு” என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பப் பார்த்தபோதுதான் கற்பகவல்லி வாயைத் திறந்தார்.

“டாக்டரம்மா, நாள் தாண்டிப்போச்சு. இந்தப் பிள்ளை தேதிய மாத்திச் சொல்லிருச்சு.”

நானும் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் இசைவாணியைப் பிடித்துக்கொண்டார். “தலைச்சன் பிள்ளை. கர்ப்பப்பை வாய் இன்னும் இளகவே இல்ல. மருந்து வச்சாலும் வலி பிடிக்கும்னு உறுதி சொல்ல முடியாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் விட்டிருப்போமா?”

இசைவாணி கற்பகவல்லியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். தேதியை மாற்றி எழுதியது யார் என்று டாக்டரிடம் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த தன் தாயிடமும் பிறகு சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

வாய் இளக ஜெல் வைத்தார்கள். மறுநாள் குளுக்கோஸில் மருந்து ஏற்றினார்கள். வலி வருவதும் நிற்பதுமாக இருந்தது. பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்ததும், பிள்ளைக்கு ஆபத்து என்று ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெண் குழந்தை. நான்கு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது.

குழந்தை கைக்கு வந்த அன்று இசைவாணியின் தாய் சின்னத்தாய் சீனித்தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். “நாள் தாண்டிருச்சுன்னு நீங்க சொல்லப்போய்த்தான் எங்க பிள்ள பிழைச்சது. நீங்களே பிள்ள நாக்குல சேனை தொட்டு வைங்க. சேனை வச்சவங்க குணம்தான் பிள்ளைக்கு வருமாம், உங்க குணம் அப்படியே வரட்டும்.”

வேறு வீடாக இருந்தால் கற்பகவல்லி கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டியிருப்பார். தாய்ப்பாலைத் தவிர எதையும் நாக்கில் வைக்க விடமாட்டார். அன்று, கட்டிலில் இருந்து இசைவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பகவல்லி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.