கொழுந்து நடனத்துக்கு எட்டுக் கூடை

இப்போதும் ஏதாவது பள்ளிக்கூட விழாவில் முதுகில் கூடையோடு சிறுமிகள் கொழுந்து நடனம் ஆட வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களுக்குப் பவுடர் அப்பி, சிரிக்கச் சொல்லி மேடையேற்றும் பெரியவர்களைக் கண்டால்தான் வயிறு எரிகிறது. காலில் அட்டை ஏறும்போது எவள் சிரித்துக்கொண்டே தேயிலைக் கொழுந்து எடுப்பாள்? கேட்டால் அதுதான் கலை என்பார்கள். கலையாவது மண்ணாவது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அறுபதுகளின் தொடக்கம். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க பஸ் ஏறி நுவரெலியா டவுனுக்குப் போக வேண்டும். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். டவுன் பள்ளியில் சங்கீதம், நடனம், சித்திரம் என்று தனித்தனி வகுப்புகள் இருந்தன. நடன வகுப்பு முழுக்கக் கடை முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகளும் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளும்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்பேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு எங்கள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையைப் பிரதம விருந்தினராக அழைத்திருந்தார்கள். துரை வருவதால் கொழுந்து நடனம் போடலாம் என்று நடன டீச்சர் முடிவு செய்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நன்றாக ஆடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேயிலைச் செடியை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் பூசைக்குப் பூப்பறிப்பது போல ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளினார்கள். ஒருத்தி கிள்ளியதை மோந்து வேறு பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

டீச்சருக்குக் காதில் விழுந்துவிட்டது. தெரிந்தால் உள்ளே வந்து செய்து காட்டும்படி சொன்னார், கேலியாகத்தான். நான் போய்ச் செய்து காட்டினேன். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், கண் அடுத்த செடியில் இருக்க வேண்டும், கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிய வேண்டும். பிறந்ததிலிருந்து அம்மாவைப் பார்த்த கை, தானாகப் போனது. டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் செய்யச் சொன்னார். அன்றைக்கே ஆடும் எட்டுப் பேரில் ஒருத்தியாக என்னையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு மாதம் பழகினோம். பழக்கியது நான்தான் என்று சொன்னால் அது பொய்யில்லை. கூடைக் கயிறு தலையில் எங்கே உட்கார வேண்டும், படங்குச் சாக்கை இடுப்பில் எப்படி இறுக்கிக் கட்ட வேண்டும், சரிவில் எப்படிக் கால் ஊன்ற வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் கையைப் பிடித்துக் காட்டினேன். கடைத்தெருப் பூக்கூடை சரிப்படாது, நிஜக் கூடைதான் வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், நான் கொண்டு வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். லயத்தில் சொன்னபோது அம்மாவும் இன்னும் ஏழு பெண்களும் தங்கள் கூடைகளைத் தருவதாகச் சொன்னார்கள். கூடை இல்லாமல் மலைக்குப் போக முடியாது, அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. பரவாயில்லை, நம்ம புள்ள ஆடுறதைப் போய்ப் பார்ப்போம் என்று எட்டுப் பேருமே விழாவுக்கு வருவதாக முடிவு செய்துவிட்டார்கள். அம்மா பெட்டியிலிருந்த நல்ல சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

விழா வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவி பள்ளிக்கு வந்து டீச்சரோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். புதன்கிழமை அவர் மகள் என் இடத்தில் நின்றாள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உம்மட கை வடிவாத்தான் போகுது பிள்ளை. ஆனா மற்றப் பிள்ளையளோட சேர்த்துப் பாக்கேக்க நீர் தனியாத் தெரியிறீர். திரைக்குப் பின்னால நிண்டு பாட்டைப் படியும். கூடையளை மட்டும் மறக்காமக் கொண்டு வாரும்."

தனியாகத் தெரிகிறேனாம். என் கறுப்புத்தான் தெரிந்தது, என் லயம்தான் தெரிந்தது. கொழுந்து எடுப்பவளின் மகள் கொழுந்து எடுப்பவளைப் போல இருந்துவிட்டாள், அது மேடைக்கு ஆகாது. வாசத்துக்குப் போட்ட கறிவேப்பிலையைத் தூக்கி எறிவது போல எறிந்துவிட்டார்கள். இன்றைக்கு இவ்வளவு பேசுகிறேனே, அன்று என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? "சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. எட்டுப் பேர் வேலையை விட்டு வரப்போகிறார்களே, அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒருவேளை நாளைக்கு டீச்சர் மனம் மாறுவார் என்றும் ஒரு நப்பாசை. வியாழக்கிழமை சாயங்காலம் அது போய்விட்டது. மழை வரும், அவ்வளவு தூரம் எதற்கு, நீங்க யாரும் வர வேணாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி என்னையே பார்த்தாள்.

"நான் வந்து நின்னா ஒனக்கு அசிங்கமா இருக்குமாடி?"

இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் வந்தாள்.

எட்டுக் கூடைகளையும் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனோம். மண்டபத்தில் நாற்காலிகள் துரைமாருக்கும் பெற்றோருக்கும் என்றார்கள். எட்டுத் தொழிலாளிப் பெண்களும் பெற்றோர் கணக்கில் வரவில்லைபோல. பின்சுவரோடு நின்றார்கள். நான் திரை ஓரத்தில் நின்று பாடினேன். என் அம்மாவின் கூடையைக் கிளாக்கர் மகள் மாட்டிக்கொண்டு போனாள். அவளுக்குத் தாளம் தப்பும்போதெல்லாம் நான் பாட்டை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினேன். அதை நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆடி முடிந்ததும் துரை எழுந்து இங்கிலீஷில் பேசினார், பள்ளி அதிபர் அதைத் தமிழில் சொன்னார். தொழிலாளர் வாழ்க்கையை இந்தப் பிள்ளைகள் எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறார்கள், இந்தக் கைவேகத்தைத் தன் தோட்டத்திலேயே கண்டதில்லை என்றாராம். மண்டபமே கைதட்டியது. திரும்பிப் போகும்போது துரை அந்த எட்டுப் பேரைத் தாண்டித்தான் போனார். தினமும் தன் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் நிற்பது அந்த மனுசன் கண்ணில் படவே இல்லை.

கூடைகளை மறுபடி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது, அடுத்த வீட்டு அக்கா கேட்டேவிட்டார், என்னை ஆளையே காணவில்லையே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பின் வரிசையில நின்னா. அம்புட்டுப் பவுடரை அப்பி விட்டா எது யாரு புள்ளைன்னு என்னத்தக் கண்டோம்?"

ஆமாமா, என்றார்கள் எல்லோரும். பின் வரிசைக்காரிதான் நல்லா எடுத்தா என்றுகூட ஒருவர் சொன்னார். என் அம்மா பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்காக, தன் கூட்டுக்காரிகளிடமே அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்வது போல நின்று, மற்றவர்களை முன்னால் போகவிட்டாள்.

"உள்ள நின்னு பாடுன தொண்டை எனக்குத் தெரியாதா? ஆட விடலன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கெழம."

அம்மா கூடையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுகிட்டே எங்க கூடையை எதுக்குடி அவளுககிட்டக் குடுத்தே?"

டீச்சருக்கும் கிளாக்கர் மனைவிக்கும் துரைக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தனை வருடத்தில் ஆயிரம் தடவை மனதுக்குள் திட்டித் தீர்த்துவிட்டேன். அம்மாவின் இந்தக் கேள்விதான் இன்னும் தீரவில்லை.  அம்மா கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் கையை வீசிக்கொண்டு பின்னால் போனேன்.